பேய்ப்படத்தில் வெட்டுப்பட்ட டாக்டர் சீன்

(நீளமான இழை. அவசர வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ராத்திரி படிங்க. பேய்ப்பட விஷயம்தான், ராத்திரிக்குப் பொருத்தமா இருக்கும்.)

1.
பேய்ப்பட ரசிகர்கள் நடுவில் ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு. 'தி ஷைனிங்' படத்தை 144 நிமிஷ வெர்ஷனில் பார்க்கணுமா, 119 நிமிஷ வெர்ஷனில் பார்க்கணுமா? 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் 1973-ல் வந்த 122 நிமிஷம் உசத்தியா, 2000-ல் வந்த 132 நிமிஷம் உசத்தியா?

சினிமா ஆட்கள் இதை எடிட்டிங் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். நான் தொண்டியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பொது மருத்துவன். இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது. காரணம், இந்த இரண்டு படத்திலும் கத்தரியில் விழுந்த காட்சிகளில் ஒன்று அச்சு அசலா ஒரே வகை. டாக்டர் பிள்ளையைப் பரிசோதித்துவிட்டு அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிற காட்சி.

2.
முதலில் ஒரு விஷயம். படத்தை வெட்டுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. 2022-ல் 'கோப்ரா' வெளியான மறுநாளே 20 நிமிஷத்தைக் குறைத்தார்கள். 2024-ல் 'இந்தியன் 2' ரிலீஸ் ஆன சில நாளில் 12 நிமிஷம் போச்சு. 2001-ல் ஏறக்குறைய மூணு மணி நேரம் ஓடின 'ஆளவந்தான்', 2023 டிசம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது நன்றாகவே சுருங்கித்தான் வந்தது. "இப்பதான் படம் விறுவிறுன்னு இருக்கு"ன்னு ஒரு கூட்டம், "படத்தோட உயிரையே எடுத்துட்டாங்க"ன்னு இன்னொரு கூட்டம்.

நீளம் குறைந்தால் விறுவிறுப்பு கூடும் என்பது பல நேரம் உண்மைதான். என் கேள்வி வேறு. வெட்டும்போது முதலில் வெளியே போவது எது?

3.
ஷைனிங்கை எடுத்துக்குவோம். ஸ்டான்லி குப்ரிக் படம், 1980 மே மாதம் அமெரிக்காவில் ரிலீஸ். கதை எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் மலை ஹோட்டலுக்குக் காவலாளியாக ஜாக் போகிறான், மனைவி வெண்டி, சின்னப் பையன் டேனியோடு. அங்கே அவனுக்குப் புத்தி பேதலித்து, கோடாரியைத் தூக்கிக்கொண்டு பெற்ற பிள்ளையையே துரத்துகிறான்.

இந்தப் படத்தை குப்ரிக் இரண்டு தடவை வெட்டினார். படம் வெளியான சில நாளிலேயே, கடைசியில் வந்த ஒரு ஆஸ்பத்திரிக் காட்சியை எடுத்தார். வெண்டியும் டேனியும் தப்பித்து வந்து சிகிச்சையில் இருக்கும் காட்சி அது. பிறகு ஐரோப்பாவில் வெளியிடும்போது இன்னும் சுமார் 25 நிமிஷத்தை எடுத்தார். 119 நிமிஷ வெர்ஷன் வந்தது அப்படித்தான்.

4.
அந்த 25 நிமிஷத்தில் என்ன போனது? டேனி பல் விளக்கும்போது ஏதோ பயங்கரத்தைக் கண்டு மயங்கி விழுகிறான். ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார் (நடிகை ஆன் ஜாக்சன்). பையனிடம் நிதானமாகப் பேசுகிறார். அவனுடைய கற்பனைத் தோழன் டோனியைப் பற்றிக் கேட்கிறார். பிறகு ஹாலில் உட்கார்ந்து வெண்டியிடம், "இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சது?" என்கிற பாணியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார்.

வெண்டி சிகரெட்டைப் பிடித்தபடி சொல்கிறாள். ஒரு நாள் ஜாக் குடித்துவிட்டு நேரம் கழித்து வந்தான். பையன் காகிதங்களை எல்லாம் இறைத்துப் போட்டிருந்தான். ஜாக் அவன் கையைப் பிடித்து இழுத்ததில் தோள்மூட்டு விலகிவிட்டது. "தெரியாம நடந்ததுதான். அதுக்கப்புறம் அவர் குடிக்கிறதே இல்ல, அஞ்சு மாசம் ஆச்சு" என்று சிரிக்க முயல்கிறாள். டாக்டர் சிரிக்கவில்லை.

5.
அந்த ஒரு காட்சியை நான் மருத்துவ மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். குடிக்கிற அப்பா, அடிபட்ட பிள்ளை, "தெரியாம நடந்தது" என்று மூடி மறைக்கும் அம்மா, அதே காலத்தில் பிள்ளைக்கு முளைத்த ஒரு கற்பனைத் தோழன். பேய் வருவதற்கு முன்னாடியே அந்த வீட்டில் பயம் இருந்தது.

119 நிமிஷ வெர்ஷனில் இந்தக் காட்சியே கிடையாது. பிள்ளையின் கையை முறுக்கிய கதை நமக்கு வெகு நேரம் கழித்து, ஹோட்டல் பாரில், ஜாக் வாயிலிருந்துதான் வருகிறது. அதாவது அடித்தவன் வாக்குமூலம் இருக்கு. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் வாக்குமூலம் போச்சு. கேட்டுக்கொண்டிருந்த டாக்டரும் போயாச்சு.

விளைவு என்ன? நீள வெர்ஷனில் இது ஒரு குடிகாரக் குடும்பத்தின் கதை, அதற்கு மேலே பேய். சுருக்கின வெர்ஷனில் பேய் பிடித்த ஹோட்டலின் கதை. நல்ல மனுஷன் போனான், இடம் சரியில்லை, கெட்டுப்போனான்!

6.
இப்போ எக்ஸார்சிஸ்ட். வில்லியம் பீட்டர் பிளாட்டி எழுதிய நாவல், வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய படம். 1949-ல் அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டியதாக வந்த பத்திரிகைச் செய்தியை பிளாட்டி மாணவராக இருந்தபோது படித்தார். அதுதான் விதை. நாவலில் சிறுவன் சிறுமி ரீகன் ஆனான்.

பல பேர் நினைப்பதற்கு மாறாக, இந்தப் படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சிகள் ஏராளம். ரீகன் கழுத்தில் ஊசி குத்தி, மூளை ரத்தக் குழாய்களை எக்ஸ்ரே எடுக்கும் காட்சி இரண்டு வெர்ஷனிலும் உண்டு. சி.டி. ஸ்கேன் அப்போதுதான் பிறந்திருந்த காலம். முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தது 1971-ல், லண்டனில். அதனால் மூளையைப் பார்க்க அந்தக் கொடூரமான வழிதான். சாமியார் வந்த பிறகு நடக்கும் எல்லாவற்றையும்விட அந்த ஊசிக் காட்சிதான் பயங்கரம் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய.

7.
ஆனால் முதல் டாக்டர் சந்திப்பு 1973 வெர்ஷனில் இல்லை. அம்மா கிறிஸ் மகளை டாக்டர் க்ளைனிடம் கூட்டிப் போகிறாள். அவர் பரிசோதித்துவிட்டு, நரம்பு சம்பந்தமான கோளாறு மாதிரி இருக்கு என்று ரிட்டாலின் மாத்திரை எழுதுகிறார். பிள்ளை பரிசோதனையின்போது கெட்ட வார்த்தை பேசியதையும் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். இந்தக் காட்சியை ஃப்ரீட்கின் வெட்டிவிட்டார்.

வெட்டியதில் ஒரு தடயம் மிஞ்சிவிட்டது. பார்ட்டி நடந்த ராத்திரி மகளைக் குளிப்பாட்டும்போது கிறிஸ், "டாக்டர் சொன்ன மாதிரி இது நரம்புதான், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். 1973-ல் தியேட்டரில் இருந்தவனுக்கு எந்த டாக்டர், என்ன மாத்திரை என்றே தெரியாது!

2000-ல் அந்தக் காட்சி திரும்பி வந்தது. கூடவே படிக்கட்டில் ரீகன் சிலந்தி மாதிரி இறங்கும் காட்சி (அன்றைக்குக் கம்பிகளை மறைக்க முடியாமல் விட்டது, கம்ப்யூட்டரில் கம்பியை அழித்துச் சேர்த்தார்கள்), இரண்டு பாதிரியார்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவது, கடைசியில் கொஞ்சம் ஆறுதலான முடிவு. பிளாட்டி பல வருஷமா கேட்டுக்கொண்டிருந்தவை இவை.

8.
சுருக்க வெர்ஷன் கட்சிக்காரர்கள் சொல்வதையும் நேர்மையாக வைக்கணும். அவர்கள் வாதம் பலமானது.

ஒன்று: தெரியாததுதான் பயம். காரணம் சொல்லச் சொல்ல பயம் கரையும். டாக்டர் வந்து விளக்கம் கொடுத்தால் திகில் போச்சு.
இரண்டு: ஷைனிங்கை வெட்டியது தயாரிப்பாளரோ தியேட்டர்காரரோ இல்லை, குப்ரிக்கே. படைப்பாளியின் கையை நாம் ஏன் திருத்தணும்?
மூன்று: எக்ஸார்சிஸ்ட் 2000 வெர்ஷனில் எல்லாமே நல்ல சேர்ப்பு இல்லை. இருட்டில் அங்கங்கே பேய் முகத்தை மின்ன விட்டிருக்கிறார்கள். முடிவின் அந்த ஆறுதல், பழைய முடிவின் கனத்தைக் குறைக்கிறது.

மூன்றாவதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நீளம் என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. நாலு தடவை பேய் முகம் காட்டுவது நீளம் இல்லை, கொழுப்பு. கொழுப்பை வெட்டுங்க, யாரும் கேட்கப் போவதில்லை.

9.
இரண்டாவதற்குப் பதில்: எக்ஸார்சிஸ்டில் வெட்டியது இயக்குநர், திரும்பச் சேர்க்கச் சொன்னது கதையை எழுதியவர். யார் கை படைப்பாளியின் கை? இரண்டும்தான். 'அசல் வெர்ஷன்' என்று ஒன்றைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார இதில் இடமே இல்லை.

முதல் வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த இழையே. "டாக்டர் வந்தால் திகில் போயிடும்" என்கிறார்களே, திரையில் அது இரண்டு மணி நேர ரசனை விஷயம். ஆனால் எங்க கடற்கரையில், அதே எண்ணம் நிஜ வீடுகளில், நிஜப் பிள்ளைகள் மேல் நடக்கிறது. டாக்டர் சீனை வெட்டிவிட்டு நேரா கிளைமாக்ஸுக்குப் போகிற கதை.

10.
ஒரு நோயாளியை "பேய் பிடிச்சிருக்கு" என்று கூட்டிவரும்போது வீட்டார் எப்பவும் சுருக்க வெர்ஷனைத்தான் சொல்வார்கள்.

"நல்லாத்தான் டாக்டர் இருந்தா. போன வெள்ளிக்கிழமை அந்தி நேரத்துல கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்தா. அதுலேர்ந்து ஆளே மாறிட்டா."

தொண்டியாகட்டும், நம்புதாளை, முள்ளிமுனை, எஸ்.பி.பட்டினம், தேவிபட்டினமாகட்டும், ஊர்தான் மாறும். கடற்கரைக்குப் பதில் புளியமரமோ, பாழடைஞ்ச வீடோ, கண்மாய்க் கரையோ வரும். கதையின் கட்டமைப்பு ஒண்ணுதான்: நல்லா இருந்தா, ஒரு இடத்துக்குப் போனா, மாறிட்டா. அப்படியே 119 நிமிஷ ஷைனிங்!

11.
மருத்துவன் வேலை என்ன? எங்க பாஷையில் ஹிஸ்டரி எடுப்பது என்போம். சுருக்கமா சொன்னால், வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்ப்பது.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி காய்ச்சல் இருந்துச்சா?"
"ஆமா, பத்து நாளைக்கு முன்ன லேசா இருந்துச்சு, மாத்திரை வாங்கிக் குடுத்தோம்."
"தலைவலி?"
"சொல்லிக்கிட்டு இருந்தா."
"தூக்கம்?"
"ஒரு வாரமாவே இல்ல டாக்டர்."
"கை கால் வெட்டி இழுத்துச்சா? வாய் ஒரு பக்கமா கோணுச்சா?"
"அது... பேய் வர்றப்ப அப்படித்தான் பண்ணுவா."

அஞ்சு நிமிஷத்தில் வெள்ளிக்கிழமைப் பேய்க்கு ஒரு முன்கதை கிடைத்துவிட்டது. இப்போ இது மூளை அழற்சியாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம். இனி ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

12.
"பேய்" என்ற ஒரே பெயரில் எங்களிடம் வரக்கூடிய நோய்களைச் சொல்றேன். கேளுங்க.

▪️ வலிப்பு. மூளையின் பொட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்பில் ஆள் விழவே மாட்டார். வெறித்துப் பார்ப்பார், ஏதோ முணுமுணுப்பார், இல்லாத வாசனை வரும், பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது.
▪️ மூளை அழற்சி, மூளைக்காய்ச்சல்.
▪️ பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. "பச்ச உடம்புக்காரி மேல காத்து அடிச்சிருச்சு" என்று சொல்லப்படுவதில் இதுவும் உண்டு.
▪️ குடியைத் திடீரென்று நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள் வரும் பிதற்றல். கை நடுங்கும், சுவரில் பூச்சி ஓடும், யாரோ கூப்பிடுவது கேட்கும். இதில் உயிரே போகலாம்.
▪️ வயசானவர்களுக்கு சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று. சர்க்கரை மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரை இறங்குவது.
▪️ தைராய்டு கோளாறு, லூபஸ், இளவயதில் செம்பு உடம்பில் தங்கும் வில்சன் நோய்.
▪️ மனச்சிதைவு.
▪️ வாயால் சொல்ல முடியாத துயரம் உடம்பால் வெளிப்படும் நிலை. நடிப்பு இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காததன் விளைவு.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் மருந்தால் அடங்கக்கூடியவை. சில, மணிக்கணக்கில் சரியாகிவிடும். சர்க்கரை இறங்கியவருக்கு ஏற்றும் குளுக்கோஸ் செய்கிற மாயத்தை எந்த மந்திரமும் செய்யாது.

13.
எக்ஸார்சிஸ்ட் வந்தபோது ஒரு நோய்க்குப் பெயரே கிடையாது. இளம்பெண்களுக்கு அதிகம் வரும். முதலில் காய்ச்சல், தலைவலி. பிறகு குணம் மாறும், சந்தேகம், கூச்சல், கெட்ட வார்த்தை. வாயும் முகமும் தானாகக் கோணும். உடம்பு வில்லாக வளையும். வலிப்பு வரும். மூச்சு தடுமாறும். பெயர்: ஆன்டி-என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி. நம்ம நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையின் ஒரு ஏற்பியைத் தாக்குவது. சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் தூண்டுகோல்.

டாக்டர் ஜோசப் தல்மாவு குழு இதைக் கண்டறிந்தது 2007-ல். உரிய சிகிச்சை கிடைத்தால் இரண்டு வருஷத்தில் பத்தில் எட்டுப் பேர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் சூசானா கஹாலனுக்கு 2009-ல் இது வந்தது. எல்லாரும் மனநோய் என்றார்கள். டாக்டர் சூஹேல் நஜ்ஜார் அவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். 12 எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினார். மூளையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது என்று அங்கே புரிந்தது. ஒரு பேனா, ஒரு தாள், கொஞ்சம் பொறுமை. வெட்டத் தோன்றும் காட்சி அதுதான், உயிரைக் காப்பாற்றிய காட்சியும் அதுதான்.

14.
வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கு. ஜெர்மனியில் அன்னலீஸ மிஷேல் என்ற பெண். வலிப்பு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். பிறகு மருத்துவம் ஒதுங்கிப் பேயோட்டும் சடங்கு மட்டும் நடந்தது, 67 முறை. 1976 ஜூலை 1-ஆம் தேதி எலும்பும் தோலுமாகப் பட்டினியால் இறந்தார். வயது 23. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் 1978-ல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

படித்த நாடு, பணக்கார நாடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அதனால் "நம்ம சனங்கதான் மூடநம்பிக்கை" என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம். பிள்ளை மேல பாசம் இருக்கிற எல்லா ஊரிலும் நடக்கக்கூடியது இது.

15.
நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தொண்டியிலிருந்து கடற்கரையோரமாத் தெற்கே போனால் தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை தாண்டி ஏர்வாடி. தலைமுறை தலைமுறையாக எல்லா மதத்தவரும் மனம் பாதித்த உறவினரை அந்தத் தர்காவுக்குக் கூட்டிவருகிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அந்த ஊரில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு அந்த மாதிரி காப்பகங்களை மூடியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

16.
அந்த 28 பேரையும் செய்திகள் ஒரே சொல்லில் அடக்கின: 'மனநோயாளிகள்'. அதுவும் ஒரு சுருக்க வெர்ஷன்தான். அவர்களில் யாருக்கு வலிப்பு, யாருக்கு மனச்சிதைவு, யாருக்குப் பிரசவத்துக்குப் பின் தொடங்கியது, யாருக்கு மாதம் ஒரு ஊசியில் வீட்டில் இருந்து வேலைக்குப் போயிருக்க முடியும்? அதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் தீக்கு முன்னாடி.

அதே 2001 நவம்பரில்தான் 'ஆளவந்தான்' வந்தது. மனநல மருத்துவமனையில் அடைபட்ட நந்துவின் கதை. அவன் சின்ன வயதில் சித்தியிடம் பட்ட கொடுமையையும் சேர்த்துச் சொன்ன படம். ஏர்வாடித் தீ அணைந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. நாம் அந்தப் படத்தில் சண்டைக் காட்சி எப்படி, கிராபிக்ஸ் எப்படி என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

17.
இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடறேன். நான் பிரார்த்தனைக்கு எதிரி இல்லை. பிள்ளைக்கு நோய் என்றால் தர்காவுக்கோ, ஓரியூர் கோயிலுக்கோ, குலதெய்வத்திடமோ போகாத தாய் யார்? போங்க. மனசுக்குத் தெம்பு வேணும். அதை மருந்துச் சீட்டில் எழுத எங்களால் முடியாது.

ஏர்வாடியிலேயே இதற்கு வழி பிறந்தது. தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவச் சேவை வந்தது. 'தவா, துவா' திட்டம் என்பார்கள். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. துவா கேட்க வந்தவருக்கு அங்கேயே மருந்தும் கிடைக்கும். யாரையும் யாரும் கேலி செய்யவில்லை, யாரையும் விரட்டவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல 'எடிட்டிங்' இந்த மாவட்டத்தில் நடந்ததில்லை. சாமியார் சீனை வெட்டாமலே டாக்டர் சீனைச் சேர்த்தார்கள்.

18.
தமிழ்ப் பேய்ப்படத்தில் டாக்டரே ஹீரோவா வந்த படம் இருக்கே என்பீர்கள். 'சந்திரமுகி' (2005). ரஜினி சார் மனநல மருத்துவர். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. அதற்கு மூலம் ஃபாசிலின் மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்' (1993).

மணிச்சித்ரதாழில் கங்காவின் சின்ன வயதை டாக்டர் சன்னி விரிவாக எடுத்துச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பாட்டியிடம் வளர்ந்த குழந்தை, திடீரென்று அங்கிருந்து பிரிக்கப்பட்டது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் பாருங்க. மிச்சம் இருப்பது பூட்டிய அறை, சலங்கைச் சத்தம், பெரிய கண்ணு. சாதாரணப் பேய்ப்படம்! அந்தச் சில நிமிஷம் இருப்பதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் நாம் கங்காவுக்காகப் பரிதாபப்படுகிறோம்.

(குணப்படுத்தும் முறையை மட்டும் நம்பிடாதீங்க. ஒரு ராத்திரி நாடகம் போட்டு இந்த நோய் குணமாகாது. மாசக்கணக்கில் உட்கார்ந்து பேசணும். அதைப் படமாக எடுத்தால் 800 நாள் ஓடாது, அது எனக்கும் தெரியும்.)

19.
இன்னைக்கு எனக்குப் பயம் 119 நிமிஷ வெர்ஷன் மேல் இல்லை. 30 விநாடி வெர்ஷன் மேல்தான். ஒரு பெண் தலைமுடியை விரித்துச் சுற்றுகிறாள், நாலு பேர் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், பின்னணியில் திகில் இசை. ரீல்ஸ். லட்சம் பார்வை.

முன்னாடி என்ன நடந்தது என்று இல்லை. பின்னாடி அவளுக்கு என்ன ஆச்சு என்றும் இல்லை. அவள் சம்மதம் சுத்தமாக இல்லை. அவளுக்கு வலிப்பாக இருந்து, நாளைக்கு மாத்திரையில் சரியாகிக் கல்யாண வயது வரும்போது அந்த வீடியோ போனில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த மாதிரி வீடியோ வந்தால் பகிராதீங்க. "அய்யோ பாவம்" என்று எழுதிப் பகிர்ந்தாலும் பகிர்ந்ததுதான்.

20.
வீட்டில் ஒருவர் திடீரென மாறிப்போனால் செய்ய வேண்டியது:

✅ கடைசி ஒரு மாசத்தை நாள்வாரியா ஒரு தாளில் எழுதுங்க. காய்ச்சல், தலைவலி, தூக்கம், சாப்பாடு, அடி, பிரசவம், குடி, புது மாத்திரை. எங்களுக்கு வேண்டிய நீள வெர்ஷன் அதுதான்.
✅ வெட்டி இழுத்தால் போனில் ஒரு நிமிஷம் படம் எடுத்து வைங்க. டாக்டரிடம் காட்ட மட்டும்.
✅ காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, மயக்கம், பிரசவமான பெண்ணிடம் திடீர் மாற்றம், குடியை நிறுத்தியவரின் பிதற்றல்: இவை அவசரம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.
✅ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.
✅ ராத்திரி எந்நேரமும் 14416. டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைகள் வீட்டில் அடிபட்டால் 1098.
❌ கட்டிப் போடாதீங்க. 2017 மனநலச் சட்டப்படி எந்த வடிவிலும் சங்கிலி போடுவது குற்றம்.
❌ கண்ணில் மிளகாய்ப் பொடி, சூடு, பட்டினி, சாட்டை வேண்டவே வேண்டாம். பேயைவிட மோசம்.

21.
சரி, பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு.

எக்ஸார்சிஸ்ட் 1973 வெர்ஷன் வடிவத்தில் இன்னும் இறுக்கமானது, மறுக்க மாட்டேன். 2000 வெர்ஷனிலிருந்து நான் காப்பாற்றச் சொல்வது இரண்டுதான்: முதல் டாக்டர் சந்திப்பு, படிக்கட்டில் பாதிரியார்கள் பேசுவது. மின்னும் பேய் முகங்களைத் தூக்கிக் கடலில் போடலாம்.

ஷைனிங்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. 144 நிமிஷம். அந்தப் பெண் டாக்டர் முகத்தில் சிரிப்பு மறையும் அந்தச் சில விநாடி இல்லாத ஷைனிங் எனக்கு வேண்டாம். டாக்டர் வந்தால் திகில் போய்விடும் என்றார்கள் அல்லவா? எனக்கு அந்தக் காட்சியில்தான் திகிலே ஆரம்பிக்கிறது. ஹோட்டலில் பேய் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பையன் யாரோடு அந்த மலைக்குப் போகிறான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

22.
ஷைனிங்கை நீங்கள் பார்த்தது எந்த வெர்ஷன் என்று கமெண்டில் சொல்லுங்க. பல் விளக்கும் காட்சிக்குப் பிறகு டாக்டர் வந்தாரா, வரலையா? வரவில்லை என்றால் 119. தேடிப்பிடித்து இன்னொரு தடவை பாருங்க.

மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்க, பேசலாம். ஆனால் உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது "பேய்" என்று பேச்சு நடந்தால், கமெண்டில் பேரைப் போடாதீங்க. நேரா கூட்டி வாங்க. என்னிடம் வரணும் என்று இல்லை, பக்கத்தில் இருக்கிற எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போங்க. அந்த ஒரு மாசக் கதையைத் தாளில் எழுதி எடுத்துட்டுப் போங்க.


தொண்டியிலிருந்து, உங்கள் பொது மருத்துவன்.